சமம் என்பது நடுவில் நிற்பதா?

'துவந்துவம்' என்ற வடசொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, இணை, மற்றொன்று, இருவர் நேருக்கு நேர் நின்று செய்யும் போர். இன்பமும் துன்பமும் துவந்துவம். பீமனும் ஜராசந்தனும் பொருதியதும் துவந்துவம். தமிழில் பெயர்க்கும்போது நாம் 'இருமைகள்' என்றோ 'இரட்டைகள்' என்றோ எழுதிவிடுகிறோம். போர் என்ற பொருள் அதில் உதிர்ந்துவிடுகிறது. வாழ்க்கையிலோ அது உதிர்வதில்லை. நாம் யாரிடம் அன்பு வைக்கிறோமோ அவர்களிடம்தான் பெரும்பாலும் பூசலும் கொள்கிறோம். அறிமுகமில்லாதவனோடு யார் பத்தாண்டு வழக்கு நடத்துகிறார்கள்? இந்த அன்பும் பூசலும் ஒரு முடிவுக்கு வருமுன்பே மரணம் குறுக்கிட்டு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது.

இவற்றுக்கிடையே சமநிலை காண வேண்டும் என்று சாஸ்திரங்கள் கூறுகின்றன. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் சமத்துவத்தையே யோகம் என்று வரையறுக்கிறது. ஆனால் அந்தச் சமநிலை எத்தகையது? தராசின் முள்ளைப்போல் நடுவில் நிற்பதா? அன்பில் அளவோடு ஈடுபட்டு, பூசலில் தலையிடாமல் ஒதுங்கி, சாவு நேர்ந்தால் கண் கலங்காமல் இருப்பதா? ஆன்மிக வாழ்வில் நாட்டமுள்ள அன்பர்கள் பலர் அவ்வாறே கருதுகின்றனர். சிலர் முயன்றும் பார்க்கின்றனர். விளைவு, மனம் பக்குவப்படுவதற்குப் பதிலாக வறண்டுபோகிறது. வீட்டில் உள்ளவர்கள் "இவர் சாமியாராகிவிட்டார், இவரிடம் சொல்லிப் பயனில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்த வினாவுக்கு நெய்யாற்றின் கரையிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

அகத்தியமலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு, அருவிப்புறத்தில் பாறைகளினூடே இறங்கி, நெய்யாற்றின்கரை நகரைக் கடந்து, குளத்தூருக்கு அருகே பூவாற்றில் கடலைச் சேர்கிறது. குளத்தூரும் பாறசாலையும் எல்லைப்புற ஊர்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர, இருபுறத்து மக்களின் பேச்சிலும் உறவிலும் அது முழுமையாக விழவில்லை. ஆறு கடலைச் சேரும் மணல்வாயைப் 'பொழி' என்று இங்குள்ளோர் கூறுவர். வறண்ட காலத்தில் கடல் மணலைக் குவித்துப் பொழியை அடைக்கும். மழை மிகுந்தால் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடக்கும் இந்த இழுபறியில் நடுவில் நிற்பது என்ற ஒன்றே கிடையாது.

இந்த ஆற்றங்கரையில், அருவிப்புறத்தில், தவ வாழ்வு நடத்தியவர் ஸ்ரீ நாராயண குரு. அதற்கு முன்னர் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருத்துவாமலைக் குகையில் தனித்துத் தவம் செய்தவர். தமிழை ஐயந்திரிபறக் கற்றவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளையும் 'ஒழிவிலொடுக்கம்' என்ற ஞான நூலையும் மலையாளத்தில் தந்தவர். மலையையும் குகையையும் நாடிய ஒருவர், பேச்சில் மிகச் சிக்கனமானவர், பூசலை வளர்ப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் அவர் நெய்யாற்றில் இறங்கி, ஆழமான ஒரு கயத்தில் மூழ்கி, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதை மார்போடு அணைத்தபடி நெடுநேரம் தியானத்தில் நின்றார் என்றும், அவருடைய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது என்றும் கூறுவர். பின்னர் ஒரு பாறையைப் பீடமாகக் கொண்டு அக்கல்லையே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் பிறந்த ஈழவ சமூகத்தினருக்குப் பெருங்கோயில்களுக்குள் நுழையும் உரிமையே அன்று இல்லை. பிரதிஷ்டை செய்யும் உரிமையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எந்த அதிகாரத்தால் இதைச் செய்தீர் என்ற கேள்வி எழுந்தது. தாம் நிறுவியது ஈழவருடைய சிவனையே என்ற கருத்தில் அவர் ஒரு சிறு விடை கூறினார். அந்த விடையில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை. கேட்டவர்களுக்கு மேலே பேச இடமில்லாமற்போயிற்று. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருள்படும் வாசகம் அங்குப் பொறிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவரைச் சமூகச் சீர்திருத்தக்காரர் என்று மட்டும் கொள்வோர் அந்த விடையை நினைவில் வைத்துக்கொண்டு கண்ணீரை மறந்துவிடுகிறார்கள். வேதாந்தி என்று மட்டும் கொள்வோர் தியானத்தை வைத்துக்கொண்டு விடையை மறந்துவிடுகிறார்கள். இரண்டு சாராருமே பாதிக் குருவைத்தான் காண்கின்றனர் என்பது எமது கருத்து. கல்லை மார்போடு அணைத்த கைகள்தாம் பழைய ஒழுங்கை உடைத்தன.

அருவிப்புறத்தில் வாழ்ந்த காலத்தில், 1897-ஆம் ஆண்டையொட்டி, அவர் அருளியது 'ஆத்மோபதேச சதகம்'. நூறு மலையாளச் செய்யுட்களால் ஆன அத்வைத நூல். நமது வினாவுக்குரிய விடை அதில் இருக்கிறது.

நூலின் தொடக்கப் பகுதியில் ஓர் எளிய காட்சி வருகிறது. இருளில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். மற்றொருவர் "அங்கே இருப்பது யார்?" என்கிறார். இருந்தவர் திருப்பி, "நீ யார்?" என்கிறார். இருவரும் கூறக்கூடிய முதல் விடை ஒன்றே: "நான்." பெயரும் ஊரும் குலமும் அதன் பிறகுதான் வருகின்றன. வேற்றுமை தொடங்குவது அந்த இரண்டாவது சொல்லில்தான்.

நூலின் நடுப்பகுதியில், முப்பத்தாறாம் செய்யுள் முதலாக, குரு அறிவின் ஆற்றலை இரண்டாகப் பகுக்கிறார். ஒன்றுக்குச் 'சமம்' என்றும் மற்றொன்றுக்கு 'அன்னியம்' என்றும் பெயர். பலவாகப் பிரித்து அறிவது அன்னியம். ஒன்றாகக் கண்டு ஒளிர்வது சமம். 'இது குடம்', 'இது அறிவு' என்ற இரு சிறு வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, ஒரே 'இது' எவ்வாறு ஓரிடத்தில் பொருள்களின் பெருக்கத்துக்கும், மற்றோரிடத்தில் ஒருமைக்கும் வாயிலாகிறது என்று விளக்குகிறார். நுட்பமான பகுதி; அமைதியாக, பலமுறை படிக்க வேண்டியது. இக்கட்டுரைக்கு அதன் சாரம் போதும்.

இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளன் தயங்க வேண்டியிருக்கிறது. 'சமம்' என்றதும் தமிழில் நமக்குத் தராசு நினைவுக்கு வருகிறது: இந்தத் தட்டு இவ்வளவு, அந்தத் தட்டு இவ்வளவு. குருவின் சொல்லாட்சியில் சமமும் அன்னியமும் இரண்டு தட்டுகள் அல்ல. அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இடம் இல்லை. அன்னியத்தை வெல்வது அரிது, அளவற்ற விவேகத்தால்தான் அது கூடும் என்கிறாரே தவிர, இரண்டிலும் பாதிப்பாதி இருங்கள் என்று அவர் கூறவில்லை. அன்னியம் சமத்தினுள் கொண்டுவரப்பட வேண்டும்.

மேலைநாட்டுச் சிந்தனையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ் என்ற தத்துவ அறிஞர், நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கையும் அன்பு, பூசல் என்ற இரு ஆற்றல்கள் இயக்குகின்றன என்றார். அன்பு சேர்க்கிறது, பூசல் பிரிக்கிறது. ஒருமுறை இது மேலோங்கும், மறுமுறை அது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்குப் பின், 1920-இல், சிக்மண்ட் ஃப்ராய்ட் வாழ்வை நோக்கிய உந்துதல், சாவை நோக்கிய உந்துதல் என இரண்டைப் பற்றி எழுதினார். தமது கொள்கையின் முன்னோடியாக எம்பெடோக்ளிஸையே பின்னர் குறிப்பிட்டார். இவர்களுடைய பார்வையில் இரண்டு ஆற்றல்களும் இணையான எதிரிகள். மனிதன் அவற்றின் போர்க்களம். அவனால் ஆகக்கூடியது தற்காலிகமான ஓர் உடன்படிக்கை மட்டுமே.

குருவின் பார்வையில் அவை இணையானவை அல்ல. ஏனெனில் பூசலுக்கு உள்ளேயும் இருப்பது அன்புதான். எனக்குப் பிரியமானது, உனக்குப் பிரியமானது, இன்னொருவனுக்குப் பிரியமானது என்று பிரியத்துக்கு வேலி போடும்போதுதான் மயக்கம் பிறக்கிறது. பிரியம் என்ற அளவில் எல்லாம் ஓரினமே என்பது அதே நூலில் அவர் கூறும் கருத்து. எல்லா உயிர்களும் எக்காலத்தும் முயல்வது தம் இன்பத்துக்காகவே. ஆகவே தன் இன்பத்துக்காக ஒருவன் செய்வது அடுத்தவனுடைய இன்பத்துக்கும் உதவுவதாக இருக்க வேண்டும் என்கிறார்.

அன்றாட நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் தோட்டத்து எல்லைக்கல்லுக்காகச் சண்டையிடுகிறார்கள். இருவருடைய மனத்திலும் இருப்பது தன் பிள்ளைகளின் மேலுள்ள அன்பு. அன்பில்லாத பகை அங்கே எங்குமே இல்லை. இருப்பது வேலியிடப்பட்ட அன்பு. ஆகையால் "அன்பைக் குறைத்துக்கொள், பாசம்தான் துன்பத்துக்குக் காரணம்" என்று அவர்களுக்கு உபதேசிப்பது நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கொடுப்பதாகும். வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வதே பொருத்தம். அதற்காக, நியாயமான பங்கைக் கேட்காதே என்றும் பொருளில்லை. தம்பியின் பிள்ளைகளும் நினைவில் இருக்கும்படி கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிறவனின் சொல்லிலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

இதெல்லாம் கருத்தளவில் சரி, வாழ்க்கையில் நிற்குமா? நிற்குமா என்பதைச் சோதிக்க ஓர் ஆண்டு போதும். 1924.

அப்போது குருவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஜனவரி 16-ஆம் நாள் கொல்லத்திலிருந்து இரவில் புறப்பட்ட 'ரிடீமர்' என்ற படகு ஆலப்புழைப் பகுதியிலுள்ள பல்லனையில் கவிழ்ந்தது. மாண்டவர்களில் மகாகவி குமாரன் ஆசானும் ஒருவர், வயது ஐம்பது. 1891-இல் இளைஞனாகக் குருவைச் சந்தித்தவர். அருவிப்புறத்தில் சாதகராக வாழ்ந்து 'சின்னசாமி' என்று அழைக்கப்பட்டவர். பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வடமொழி கற்றுத் திரும்பியவர். அருவிப்புறத்தில் இயங்கிய வாவூட்டு யோகத்திலிருந்து 1903-இல் வளர்ந்தெழுந்த ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகத்தின் செயலாளர் பொறுப்பை முதன்முதலில் ஏற்றவர். துறவுக்கே உரியவர் என்று பலரும் எண்ணியிருக்க, 1917-இல் இல்லறம் ஏற்றவர்.

ஆசானின் கவிதைகளில் அன்பும் மரணமும் பிரிக்க முடியாதவை. 1907-இல் வெளிவந்த 'வீண பூவு' உதிர்ந்து கிடக்கும் ஒரு மலரைப் பற்றியது. அவருடைய இறுதிக்காலப் படைப்பான 'கருணா', பௌத்த மரபிலுள்ள வாசவதத்தை–உபகுப்தர் கதையைக் கூறுகிறது. மதுரா நகரத்துக் கணிகை வாசவதத்தை துறவியாகிய உபகுப்தரை விரும்பிப் பலமுறை தூது அனுப்புகிறாள். தக்க காலம் வரட்டும் என்பதாக விடை வருகிறது. கொலைக் குற்றத்துக்காகக் கைகால்கள் வெட்டப்பட்டு அவள் சுடுகாட்டில் கிடக்கும்போது, யாரும் அண்டாத அந்நேரத்தில், துறவி தாமே வருகிறார். அவளுடைய இறுதி மூச்சு அமைதியோடு பிரிகிறது. அவர் அன்பு செலுத்தாதவரா? அவளுடைய அழகின் நாட்களில் விலகி நின்றது அலட்சியமா? கதையின் முடிவுதான் அதற்கு விடையளிக்கிறது. சாவுக்கு அஞ்சி விலகாத அன்பு அது. குருவின் நிழலில் வளர்ந்த ஒருவர் இதை எழுதினார். எழுதிச் சில மாதங்களுக்குள் நீரில் மறைந்தார்.

ஆசான் மறைந்து ஏழு வாரங்கள்கூட நிறையாத நிலையில், மார்ச் மாதச் சிவராத்திரியையொட்டி, ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் குரு அனைத்துச் சமய மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதிட்டு வெல்வதற்காக அன்று, அறியவும் அறிவிக்கவுமே இந்தக் கூட்டம் என்பது அங்கே எழுதி வைக்கப்பட்ட நோக்கம். மதங்கள் ஒன்றோடொன்று பொருது எதுவும் அழிந்துபோவதில்லை, பொருதுபவனே அழிகிறான் என்று சதகத்தில் அவர் முன்னமே கூறியிருந்தார். பெருந்துயர் நேர்ந்த காலத்தில் ஒரு பணியைத் தள்ளிவைப்பது இயல்பு. அவர் தள்ளிவைக்கவில்லை.

மார்ச் 30-ஆம் நாள் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கிற்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கும் உரிமைக்கான போராட்டம். தமிழகத்திலிருந்து சென்ற ஈ.வெ. ராமசாமி அதில் இருமுறை சிறை புகுந்தார் என்பதை வாசகர்கள் அறிவர். குரு தமது வைக்கம் வெல்லூர் மடத்தைப் போராட்டத்தின் பயன்பாட்டுக்குக் கொடுத்தார். ஆயிரம் ரூபாய் வழங்கினார். செப்டம்பர் இறுதியில் தாமே நேரில் சென்றார். இதற்கிடையே, தடுப்புகளுக்கு வெளியே தொண்டர்கள் மழையில் நின்றுகொண்டிருப்பதில் பயனில்லை, தடுப்பைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்று அவர் கருதுவதாக ஒரு செய்தி பரவியது. காந்தியடிகள் அதுகுறித்து 'யங் இந்தியா'வில் எழுதினார். இது சத்தியாகிரகமாகாது என்பது அவருடைய கவலை. வன்முறையில் தமக்கு உடன்பாடில்லை என்பதைக் குரு அவருக்கு எழுதித் தெளிவுபடுத்தினார். இந்தச் சிறு நிகழ்ச்சி நமக்கு மிகப் பயனுள்ளது. சமநிலை கைவரப்பெற்றவர் என்றால் தடுப்புக்கு வெளியே காத்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவருக்கோ பொறுமையும் தாமதமும் ஒன்றல்ல.

மே மாதம் 5-ஆம் நாள் பன்மனையில் சட்டம்பி சுவாமிகள் சமாதியடைந்தார். இளமையில் குருவோடு ஒன்றாக ஊர் ஊராகத் திரிந்த மூத்த தோழர்; நாயர் குலத்தில் பிறந்தவர். அக்கால வழக்கில் இவ்விருவரும் சேர்ந்து உண்பதே ஒரு புரட்சி. அவருடைய சமாதியைக் குறித்துக் குரு வடமொழியில் சுலோகங்கள் இயற்றினார்.

ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் பேசப்படும் பெருவெள்ளம் வந்தது. வைக்கத்தில் தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்று முறை மாறாமல் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். காவலர்கள் படகில் இருந்து காவல் புரிந்தார்கள். போராட்டம் 603 நாட்கள் நீடித்து 1925 நவம்பரில் முடிந்தது. கிழக்குத் தெரு மட்டும் 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை காத்திருந்தது.

ஆக, ஒரே ஆண்டில் நெருங்கிய இருவரின் மரணம், பகையற்ற உரையாடலுக்கான ஒரு முயற்சி, உரிமைக்கான ஒரு போராட்டம், ஊரை மூழ்கடித்த வெள்ளம். இவற்றுள் எதிலிருந்தும் குரு ஒதுங்கி நிற்கவில்லை. நடுவில் நிற்பதுதான் சமநிலை என்றால் 1924-இல் அவருக்குச் சமநிலையே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுஆண்டு மார்ச்சில் காந்தியடிகள் வர்க்கலை சிவகிரிக்கு வந்தார். அருகிலிருந்த மாமரத்தைக் காட்டி, ஒரே மரத்து இலைகள்கூட ஒன்றுபோல் இல்லையே, மனிதருள் வேறுபாடு இயல்புதானே என்ற கருத்தில் அவர் பேசியபோது, அந்த இலைகளைப் பிழிந்தால் சாறு ஒரே சுவையாக இருக்கும் என்று குரு விடையளித்தார் என்பர். சமமும் அன்னியமும் குறித்துச் சதகம் பல செய்யுட்களில் கூறியது இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. இலைகள் வேறு என்பதை அவர் மறுக்கவில்லை.

இங்கு ஒரு வினா எழலாம். பிறப்பும் இறப்பும் உணர்வின் ஆற்றலால் தோன்றும் தோற்றங்களே என்று சதகத்தின் பிற்பகுதி கூறுகிறதே. அப்படியானால் இறந்தவருக்காகத் துயருறுவது அறியாமையா?

விடையை 'அனுகம்பா தசகம்' என்ற அவருடைய மற்றொரு நூலின் தலைப்பிலேயே காணலாம். அனு என்றால் உடன், கம்பம் என்றால் நடுக்கம். அடுத்தவர் நடுங்கும்போது உடன் நடுங்குவது அனுகம்பை. தமிழில் 'இரக்கம்' என்று பெயர்த்தால் மேலிருந்து கீழ்நோக்கும் ஒரு சாயல் வந்துவிடுகிறது. மூலத்தில் அது இல்லை. எறும்புக்கும் தீங்கு எண்ணாத உள்ளத்தை வேண்டித் தொடங்கும் அந்நூல், அருள், அன்பு, அனுகம்பை மூன்றும் ஒரே பொருள் என்கிறது. அத்வைதம் பேசும் ஒருவர்தான் இதைக் கூறுகிறார். எல்லாம் ஒன்று என்று கண்டவருக்கு நடுக்கம் நின்றுபோவதில்லை. தன் உடலின் எல்லையோடு அது நின்றுவிடுவதில்லை என்பதே வேறுபாடு. பிள்ளையை இழந்த தாயின் எதிரில் "ஆத்மாவுக்கு அழிவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர் அத்வைதத்தை அன்னியமாகப் பயன்படுத்துகிறார். அவள் அருகில் பேசாமல் அமர்ந்திருப்பவர், சாஸ்திரம் அறியாதவராக இருந்தாலும், சமத்தில் இருக்கிறார்.

குருவின் இறுதிக்காலம் எளிதாக இருக்கவில்லை. 1928-இல் பல மாதங்கள் நோயின் கடும் வேதனை. பல ஊர்களில் சிகிச்சை. செய்ய வேண்டியவற்றை அவர் முன்பே ஒழுங்குசெய்திருந்தார். துறவுச் சீடர்களுக்கான தரும சங்கம் அவ்வாண்டு ஜனவரியில் முறைப்படி அமைந்தது. தமக்குப் பின் பொறுப்பேற்கப் போதானந்த சுவாமிகளை நியமித்திருந்தார். செப்டம்பர் 20-ஆம் நாள் பிற்பகல் சிவகிரியில் சீடர் ஒருவர் யோகவாசிஷ்டத்தை வாசித்துக்கொண்டிருந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. குரு கேட்டுக்கொண்டிருந்தார், வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உடலை நீத்தார். போதானந்த சுவாமிகளும் அதற்குச் சில நாட்களிலேயே மறைந்தார். சங்கத்தின் பொறுப்பு அடுத்தவர் கைக்குச் சென்றது.